நூல் இழுக்கிறதா?

ஆய்வுக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் முப்பதக்கா. இந்த முப்பது வயதைக் குறித்ததல்ல, நாளைக் குறித்தது. முப்பது நாளுக்கு ஒருமுறை, ஒரு கண்ணாடிக் குழாயில் வளரும் நுண்ணுயிரில் துளி எடுத்து, புது உணவு ஊற்றிய இன்னொரு குழாய்க்கு மாற்றுவது அவர் வேலை. மாற்றாவிட்டால் பழைய குழாயில் உணவு தீர்ந்து அது செத்துப்போகும். பதினோரு ஆண்டுகளில் நூற்று முப்பத்து நான்கு முறை மாற்றினார். ஒரு முறைகூட முப்பத்தொன்றாம் நாள் ஆனதில்லை. அந்தப் பதிவேட்டை எழுதியவன் நான் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியும். அவர் கணவருக்கு வயிற்றில் அறுவை நடந்த அன்று நாற்பத்தெட்டாவது மாற்றம். மருத்துவமனையிலிருந்து பேருந்தில் வந்து, இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"அவரு கண்ணு முழிக்க இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்னாங்க ரிஜிஸ்டர்ண்ணே. அவருக்குப் பசிச்சா நர்ஸைக் கூப்பிடுவாரு. இது யாரைக் கூப்பிடும்?" என்றார்.

ரிஜிஸ்டர்ண்ணே என்பது நான். அவரைவிட எட்டு வயது மூத்தவன். அந்தக் கூடத்தில் அவருக்கு இரண்டு அண்ணன்மார் இருந்தோம். இன்னொருவர் எங்கள் பிரிவின் தலைவரான டாக்டர். மருந்து கொடுக்கிற டாக்டர் அல்ல, நுண்ணுயிர் படித்துப் பட்டம் வாங்கியவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முப்பதக்கா அவரிடம் போய்த் தலைவலிக்கு மாத்திரை கேட்டாராம். டாக்டர் தன் பையிலிருந்த மாத்திரையையே கொடுத்து, "இனிமே தலைவலி வந்தா நேரா வா தங்கச்சி" என்றார். அன்றிலிருந்து அவர் தங்கச்சிதான்.

அவரைச் சேர்த்தது கண்ணாடிச் சாமான் கழுவ. கழுவிய நீரும், நீரை மென்மையாக்கும் இயந்திரம் கழித்துவிடும் உப்பு நீரும் ஒரே கால்வாய் வழியாகக் கட்டடத்தின் பின்பக்கம் போய் மண்ணில் விழும். அந்த இடத்தில் மண் வெள்ளையாகப் பூத்திருக்கும். புல்கூட முளைக்காது. சேர்ந்த இரண்டாம் ஆண்டு, விதைச் சாக்கிலிருந்து சிந்தியிருந்த மக்காச்சோளம் அங்கே ஏழெட்டு முளைத்தது. எல்லாம் ஒரு வாரத்தில் கருகின. ஒன்று மட்டும் இடுப்பளவு வளர்ந்து நின்றது.

மற்றவர்கள் அதைப் பார்த்தோம். அவர் மட்டும் ஏன் என்று கேட்டார். செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரை ஒரு கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் அலசி, அந்தக் கலங்கல் தண்ணீரோடு டாக்டர் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"இதுக்குள்ள யாரோ இருக்காங்க சார். இல்லேன்னா இது நின்னிருக்காது."

இருந்தது. எட்டு மாதச் சோதனைக்குப் பிறகு டாக்டர் அதை உறுதிசெய்தார். அதன் வேலையை அவர் எங்களுக்குச் சொன்னபடி எழுதுகிறேன். வேர் தனக்குள் தயாரிக்கும் சர்க்கரையில் கொஞ்சத்தை வெளியே கசியவிடும். அதைத் தின்ன இந்த நுண்ணுயிர் வேரைச் சுற்றிக் குடியேறும். சும்மா தின்றுவிட்டு உட்கார்ந்திருக்காது. வழவழப்பான ஒரு கூழைச் சுரந்து வேருக்குப் போர்வைபோல் போர்த்தும். அந்தப் போர்வை ஈரத்தைப் பிடித்து வைக்கும். உப்பைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொண்டு வேருக்குள் அதிகம் போகவிடாது. இன்னொன்றும் செய்யும். செடி துன்பப்படும்போது அதன் உடம்பில் ஒரு வாயு உண்டாகிறது. அது மிஞ்சினால் வேர் வளர்வதை நிறுத்திவிடும். அந்த வாயு எந்தச் சரக்கிலிருந்து உண்டாகுமோ அந்தச் சரக்கையே இது தின்றுவிடும். வேர் தொடர்ந்து நீளும், தண்ணீர் தேடும்.

இதைக் கரித்தூளில் கலந்து பாக்கெட் போட்டு உப்பு நிலக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று முடிவானது. கஞ்சியில் குழைத்து விதைமேல் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். தாய்க் குழாயைப் பராமரிக்கும் பொறுப்பு முப்பதக்காவிடம் வந்தது. தொடக்கத்தில் டாக்டர் அதில் கொஞ்சத்தைக் குளிரில் உறையவைத்து, நீரை வற்ற இழுத்து, சிறு கண்ணாடிச் சிமிழ்களில் அடைத்து முனையைத் தீயில் உருக்கி மூடினார். அப்படி அடைத்தால் பல ஆண்டு தூங்கியபடியே இருக்கும், மாறாது. ஆறாம் ஆண்டு உறைபெட்டி பழுதானபோது சிமிழெல்லாம் போய்விட்டது என்று சொன்னார். நாங்கள் நம்பினோம். நம்பாமலிருக்கக் காரணம் எதுவும் இல்லை.

இப்போது நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாற்றும் முன் துளியை உணவுத் தட்டில் பரப்பி வளர்த்தால் இந்த நுண்ணுயிர் சிறு சிறு பொட்டுகளாகத் தெரியும். ஒரு பொட்டைக் கம்பி முனையால் தொட்டுத் தூக்கினால் பாகுபோல நூல் இழுக்கும். அந்தக் கூழ்தான் காரணம். "கம்பிப் பதம் வந்திருச்சுண்ணே" என்பார் முப்பதக்கா. அதற்காகவே பதிவேட்டில் "நூல் இழுக்கிறதா?" என்று ஒரு பத்தி வைத்திருந்தேன். அவர் சொல்வதை அதில் எழுதுவேன். நன்றாக இழுத்தது, சுமாராக இழுத்தது, தட்டோடு வரப் பார்த்தது.

ஆனால் நூல் ஒரு தொல்லை. பொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ண முடியாமல் போகும். கரித்தூளில் தெளிக்கும் குழலின் மூக்கு அடைத்துக்கொள்ளும். "கொஞ்சம் சுத்தமா இருக்கிற பொட்டாப் பாத்து எடு தங்கச்சி" என்று டாக்டர் சொன்னார். முப்பதக்காவும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தட்டில் வட்டமாக, தனியாக, ஒட்டாமல் இருந்த பொட்டைத் தேடி எடுத்தார். வீட்டில் தட்டுகளை அளவு வாரியாக அடுக்கி வைக்கிறவர். இதையும் அப்படியே செய்தார். நான்காம் ஆண்டு, அந்தப் பத்தியில் எண் எதுவும் வருவதில்லை, வெறும் பேச்சுத்தான் வருகிறது என்று நான் டாக்டரிடம் சொன்னேன். புதிய பதிவேட்டில் அதை எடுத்துவிட்டேன். இடம் மிச்சமானது.

சத்து நிறைந்த குழம்பில், உப்பும் வறட்சியும் இல்லாமல் வளர்கிற உயிருக்குப் போர்வை எதற்கு? போர்வை நெய்யாததுதான் அங்கே சீக்கிரம் பெருகும். அதிலும் நெய்யாததாகப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டே போனோம். இது எனக்குப் பிறகு புரிந்தது. டாக்டருக்கு எப்போது புரிந்தது என்பதை நாள் கணக்கோடு சொல்வேன்.

முப்பதக்காவின் தம்பிக்குக் கீழ்ப்பக்கம் உப்பு நிலம். முதல் ஆண்டு பாக்கெட்டை மோட்டார் அறைக்குப் பக்கத்து மூலையில் மட்டும் போட்டுப் பார்த்தார். மக்காச்சோளம் தலைக்கு மேல் போனது. பிறகு மோட்டார் அறையைப் பெரிதாக்கியதில் அந்த மூலை சாகுபடியிலிருந்து விலகிப் புல் மண்டியது. மற்ற இடங்களில் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவந்தார். ஒன்பதாம் ஆண்டிலிருந்து விளைச்சல் இறங்கியது.

"அக்கா, உன் தூள் இப்போ வெறும் கரிதான். அடுப்புக்கு ஆகும்" என்றார் ஒருமுறை கூடத்துக்கு வந்தபோது.

"நீ வெயில்ல காயவெச்சிருப்ப. நிழல்ல வைடான்னா கேக்கிறியா?"

"நிழல்லதான் வெச்சேன்."

"நிழல் நகரும்டா மடையா. நீ நகர மாட்ட."

இரண்டு பருவம் இதே சண்டை. தம்பி விதை உலர்த்தும் இடத்துக்கு மேலே ஓலைத் தடுப்பே கட்டிவிட்டார். அதற்கும் அக்கா ஒரு குறை கண்டுபிடித்தார். தன் குழாயைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. முப்பது நாள் தவறாமல் வளர்த்தது அல்லவா.

கடைசியாக அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். கீழ் நிலம் முழுவதையும் ஒரே பருவத்தில் விதைப்பது. உப்பை இறக்க முன்கூட்டியே பாய்ச்சும் நல்ல தண்ணீரை இந்த முறை பாய்ச்சாமல் விடுவது. கிணற்றில் அவ்வளவு நீர் இல்லை. "என் தூள் பாத்துக்கும். நான் பொறுப்பு" என்று அக்கா சொன்னார். முப்பது பாக்கெட் வேண்டும். அனுமதிச் சீட்டை அவரே டாக்டரிடம் கொண்டுபோனார். நான் எதிர் மேசையில் இருந்தேன்.

"யாருக்கு தங்கச்சி இவ்வளவு?"

"தம்பிக்கு சார். கீழ்நிலம் பூரா போடறான். தண்ணிகூடப் பாய்ச்சலை, இதை நம்பித்தான்."

டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார். "நல்லா வரட்டும்" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

முளைத்த பதினெட்டாம் நாள் நுனி கருகத் தொடங்கியது. நாற்பதாம் நாள் நிலம் வெளுத்துக் கிடந்தது. தம்பி அக்கா வீட்டுக்குப் போவதை நிறுத்தினார்.

இதற்கிடையே டாக்டருக்குப் பெரிய பதவியோடு வேறொரு நிலையத்துக்கு மாற்றல் வந்தது. போகிறவர் நடந்து முடிந்த சோதனைகளின் கோப்புகளை மூடி என்னிடம் ஒப்படைக்க வேண்டும். அவற்றில் ஒன்று, பதினெட்டுப் பாத்தியில் உப்பு நீர் பாய்ச்சி இரண்டு பருவம் நடந்த சோதனை. அ, ஆ, இ என்று மூன்று வகை. எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்பது அதை வகுத்த டாக்டருக்கு மட்டும் தெரியும்; மற்றவர்களுக்கு அது ஒட்டிய உறைக்குள் இருக்கும். அளப்பவனுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. அளந்தவன் நான். செடியை உலர்த்தி எடை பார்த்தேன். அ நூற்றுப் பத்து கிராம். ஆ அறுபத்து நான்கு. இ அறுபத்து மூன்று. இரண்டாம் பருவமும் ஏறக்குறைய அதேதான். டாக்டர் ஒவ்வொரு பக்கத்திலும் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கோப்பை மூடும்போது உறையைத் திறந்து உள்ளே இணைக்க வேண்டும். காலை பத்து நாற்பதுக்குத் திறந்தேன். அ என்பது கண்ணாடிச் சிமிழில் அடைத்த பழைய நுண்ணுயிர். ஆ என்பது நுண்ணுயிரே சேர்க்காதது. இ என்பது முப்பதக்காவின் குழாய்.

அனுமதிச் சீட்டுக் கட்டையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பருவ முடிவில் டாக்டர் கையெழுத்திட்டு ஒன்பது நாள் கழித்துத்தான் தம்பியின் முப்பது பாக்கெட்டுக்குக் கையெழுத்திட்டிருந்தார்.

இரண்டையும் கொண்டுபோய் முப்பதக்காவிடம் கொடுத்தேன். குடுவை கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தார். இரண்டாம் முறை படித்தபோது இ என்ற எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டார். பிறகு நேராக டாக்டர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். டாக்டர் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சிமிழெல்லாம் செத்துப்போச்சுன்னீங்களே சார்."

டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாம் போகலை. அஞ்சு தப்பிச்சுது. உட்காரு தங்கச்சி."

"நிக்கிறேன்."

"இது உன் தப்பு இல்லை. குழாயில வளர்க்கிற எதுவும் இப்படி ஆகும். உங்கிட்ட சொன்னா மனசு ஒடிஞ்சுபோவன்னு நெனச்சேன். தவிர, பாக்கெட்டை நிறுத்தினா இந்தப் பிரிவையே மூடிடுவாங்க. அப்புறம் உன் வேலை?"

"என் வேலையைக் காப்பாத்த என் தம்பி நிலத்தைக் கொடுத்தீங்களா?"

அவர் ஒரு புத்தகத்தை எடுத்து, பெட்டியில் அது நுழையாததால் திருப்பி வைத்துப் பார்த்தார்.

"அன்னிக்கு உங்க முன்னாடிதானே சொன்னேன். தண்ணிகூடப் பாய்ச்சலைன்னு. ஒரு வார்த்தை. 'வேணாம் தங்கச்சி'ன்னு ஒரு வார்த்தை போதுமே சார். காரணம்கூடக் கேட்டிருக்க மாட்டேன்."

"கையெழுத்து வழக்கமா போடறதுதானே. அந்த நேரத்துல தோணலை."

"சரி. மிச்சம் எத்தனை சிமிழ் இருக்கு?"

"சோதனைக்கு மூணு ஆயிருச்சு. ரெண்டைப் புது நிலையத்துக்கு அனுப்பியாச்சு. அங்க என் ஆராய்ச்சியே அதை வெச்சுத்தான்."

"அதுல ஒண்ணு குடுங்க. நான் தோண்டி எடுத்ததுதானே."

டாக்டர் பெட்டியின் மேல் ஒட்டுநாடா ஒட்டினார். "முறைப்படி எழுதிக் கேளுங்கம்மா. பரிசீலிப்பாங்க."

இத்தனை ஆண்டில் அவர் வாயிலிருந்து முதன்முறையாக அம்மா வந்தது, மரியாதையும் வந்தது. முப்பதக்கா அதைக் கவனித்தார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

நடைபாதையில் என்னைப் பார்த்து நின்றார்.

"இந்த எடையெல்லாம் நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமா."

"ஆவும் இயும் ஒண்ணாவே இருக்குன்னு அப்பவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"என்னன்னு கேக்கணும்னு தோணலையா?"

"உறையைத் திறக்கக் கூடாதுன்னு விதி."

"நூல் பத்தியை எடுத்தீங்களே. அதுவும் விதியாண்ணே?"

அது விதியில்லை, நான் சொல்லித்தான் எடுத்தது என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது. அன்று வந்திருக்கலாம் என்று தோன்றியது.

அன்றே பாக்கெட் போடுவதை நிறுத்தினார். நூற்று முப்பத்தைந்தாவது மாற்றத்தை அவர் செய்யவில்லை. பதிவேட்டில் அந்த வரி காலியாக இருக்கிறது.

ஐந்து நாள் கழித்து, தம்பி நிலத்துக்குப் போகிறேன், கூட வர முடியுமா என்று கேட்டார். "நான் சொன்னா அவன் நம்ப மாட்டான். தாளைக் காட்ட ஆள் வேணும்" என்றார். சாட்சியாகத்தான் அழைத்தார். போனேன்.

தம்பி மோட்டார் அறை வாசலில் பழைய குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"வாக்கா. இந்தத் தடவை எந்த வெயில்ல காயவெச்சேன், சொல்லிட்டுப் போ."

"நீ சரியாத்தான் வெச்ச. மூணு வருசமாவே சரியாத்தான் வெச்ச. என் தூள்தான் சரியில்லை."

தம்பியின் கையில் இருந்த திருகுசாவி நின்றது. நான் தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

"செத்த தூளா குடுத்த?"

"சாகலை. உயிரோடதான் இருந்துச்சு. வேலையை மறந்துருச்சு."

"மச்சான் மாதிரியா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கச் சொல்லவில்லை.

"டாக்டருக்குத் தெரியும்டா" என்றார் அக்கா. "கையெழுத்துப் போடும்போதே தெரியும்."

"டாக்டர் எனக்கு யாரு? என்கிட்ட 'நான் பொறுப்பு'ன்னு சொன்னது அவரா?"

அக்கா வாசலில் கிடந்த மண்வெட்டியை எடுத்தார். மோட்டார் அறைக்குப் பின்னால் போனார். சுற்றிலும் வெள்ளை மண். அந்தப் பழைய மூலையில் மட்டும் முழங்கால் உயரம் புல் பச்சையாக நின்றது. மாறாத முதல் ஆண்டுப் பாக்கெட் விழுந்த ஒரே இடம் அது. பதினோரு ஆண்டாகக் குழம்பும் இல்லை, குளிர்பெட்டியும் இல்லை. உப்போடும் வேரோடும் மட்டும் பிழைத்திருந்தால்தான் உண்டு. உட்கார்ந்து, புல்லை இழுக்காமல், சுற்றி மண்ணை வெட்டி வேரோடு எடுத்துத் துணிப்பையில் வைத்தார். தம்பி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புல்லை எடுத்துட்டுப் போய் என்ன பண்ணப் போற?"

"உள்ள யாராவது இருக்காங்களான்னு பாக்கணும்."

"இருந்தா?"

"உனக்குத்தான் முதல்ல."

தம்பி திருகுசாவியைத் தரையில் வைத்தார். "ஒரு வரிசை தர்றேன். ஒண்ணே ஒண்ணு. பக்கத்து வரிசையெல்லாம் நல்ல தண்ணி பாய்ச்சித்தான் விதைப்பேன். நான் விதையைத் தொடவும் மாட்டேன், நிழல்ல வைக்கவும் மாட்டேன். நீயே வந்து உக்காந்து காயவெச்சுக்க."

"சரிடா."

இந்த முறை உணவில் உப்பைச் சேர்த்துத் தட்டு ஊற்றினார். நான்காம் நாள் காலை, கூடம் திறக்கும் முன்பே இருவரும் அங்கே இருந்தோம். தட்டில் பல வகைப் பொட்டுகள். சுத்தமாக, தனியாக இருந்தவற்றை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒன்றோடொன்று வழிந்து ஒட்டிக்கொண்டிருந்த, யாரும் எண்ண விரும்பாத கூட்டத்தில் கம்பியை வைத்துத் தூக்கினார். விட்டுவிட்டது. அடுத்ததும் விட்டுவிட்டது. மூன்றாவது வந்தது. அறுபடாமல், வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு, நான்கு விரல் அகலத்துக்கு எழும்பி வந்தது. மூச்சுப் பட்டு அறுந்துவிடும் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதை அவர் ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியில் வைக்கவில்லை. தம்பியின் நிலத்து மண்ணை நிரப்பிய ஆறு தொட்டிகளில், வீட்டு மாடியில், மக்காச்சோள வேரில் வளர்த்தார். முப்பது நாள் கணக்கும் இல்லை. வேர் இருக்கும்வரை அது இருக்கும் என்றார்.

தம்பி கொடுத்த ஒரு வரிசையை அவரே விதைத்தார். உலர்த்தும்போது நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து உட்கார்ந்திருந்தாராம். நாற்பத்தைந்தாம் நாள் அளக்க என்னைக் கூப்பிட்டார். நல்ல தண்ணீர் பாய்ச்சிய இரு பக்க வரிசைகளோடு, தண்ணீர் குறைத்த அந்த வரிசையும் ஏறக்குறைய சமமாக நின்றது. தம்பி வரப்பில் நின்று பார்த்தார். அக்காவோடு பேசவில்லை. போகும்போது மட்டும், யாரிடமும் இல்லாமல், "அடுத்த பருவம் ரெண்டு வரிசை" என்றார்.

நான் புதிய பதிவேடு ஒன்று கொண்டுபோயிருந்தேன். முந்திய நாள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, "நூல் இழுக்கிறதா?" என்ற பத்தியை மறுபடி சேர்த்திருந்தேன். அதை அவரிடம் காட்டினேன். தலைப்பைப் படித்தார். விரலால் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா இழுக்குது. எழுதிக்கோங்க சார்" என்றார்.

அவர் சொன்னபடியே எழுதினேன். அதன் பிறகும் பலமுறை அளக்கப் போயிருக்கிறேன். தண்ணீர் கொடுப்பார், நாற்காலி போடுவார், கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வார். இன்றுவரை சார்தான்.